பாடசாலை அபிவிருத்திக் குழுவுக்குப் போட்டியிடும் பெற்றோர்

இலங்கையில் அரசாங்கப் பாடசாலைகளை நிர்வகிப்பதற்கென ஊர்மக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்யும் கல்விச் சபை கிடையாது. அமெரிக்க ஊர்களில் நடக்கும் கல்விச் சபைத் தேர்தலுக்கு இங்கே மிக அருகில் வருவது, பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் நடக்கும் தெரிவுதான். அதற்குச் சுவரொட்டி ஒட்டுவதில்லை. வாக்குச்சீட்டும் பெரும்பாலும் இருப்பதில்லை. மண்டபத்தில் ஒருவர் ஒரு பெயரை முன்மொழிவார், இன்னொருவர் வழிமொழிவார், கைகள் உயரும், ஐந்து நிமிடத்தில் காரியம் முடிந்துவிடும். அந்த ஐந்து நிமிடத்தில் தெரிவாகிறவர்கள்தான் பாடசாலையின் வருடத் திட்டம், சங்கத்தின் பணம், கட்டடத் திருத்தம், சிற்றுண்டிச்சாலைக் குத்தகை, முதலாம் தர அனுமதிக்கான நேர்முகப் பரீட்சை ஆகியவற்றில் பெற்றோர் சார்பாக உட்காருகிறார்கள்.

சங்கம் வேறு, குழு வேறு. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் பிள்ளைகளின் பெற்றோர் அல்லது பாதுகாவலர், ஆசிரியர்கள், பழைய மாணவர்கள், நலன்விரும்பிகள் ஆகியோர் அங்கம் பெறுகிறார்கள். பாடசாலை அபிவிருத்திக் குழு அதைவிடச் சிறியது. அதிபரும் ஆசிரியர் பிரதிநிதிகளும் பெற்றோர் பிரதிநிதிகளும் பழைய மாணவர் பிரதிநிதிகளும் வலயக் கல்விப் பணிப்பாளரின் சார்பில் ஒருவரும் அதில் இருப்பார்கள். இரண்டுக்கும் தலைவர் அதிபரே. அந்தப் பதவி அவருக்கு வாக்கால் வருவதல்ல, அதிபர் நாற்காலியோடு சேர்ந்தே வருவது. ஆகவே ஒரு பெற்றோர் எவ்வளவு செல்வாக்கோடு தெரிவானாலும் பாடசாலைக்குத் தலைவராக முடியாது. பல பாடசாலைகளில் செயலாளர் பதவி பெற்றோரில் ஒருவருக்குக் கிடைக்கிறது. பொருளாளர் பெரும்பாலும் ஓர் ஆசிரியர்.

இந்த அமைப்புக்குப் பின்னால் ஒரு நிறைவேறாத முயற்சி இருக்கிறது. 1993ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டம் பாடசாலை அபிவிருத்திச் சபைகளைச் சட்ட அந்தஸ்தோடு நிறுவ முனைந்தது. அந்தச் சபைகள் நடைமுறையில் வேரூன்றவில்லை. 2006இல் தொடங்கிய பாடசாலை மேம்பாட்டு நிகழ்ச்சித்திட்டம் அதே எண்ணத்தைச் சுற்றறிக்கை வழியாக மறுபடி கொண்டுவந்தது. முடிவெடுக்கும் பொறுப்பில் ஒரு பங்கு வலய அலுவலகத்திலிருந்து பாடசாலைக்கு இறங்க வேண்டும் என்பதும், அந்தப் பங்கில் பெற்றோருக்கும் இடம் வேண்டும் என்பதும் அதன் நோக்கம். சட்டத்தில் நிற்காமல் சுற்றறிக்கையில் நிற்கும் அமைப்பென்பதால் உறுப்பினர் தொகை, பதவிக்காலம், செலவு வரம்பு போன்றவை காலத்துக்குக் காலம் மாறுகின்றன. போட்டியிட நினைப்பவரின் முதல் வேலை, நடைமுறையிலிருக்கும் சுற்றறிக்கையின் பிரதியைக் கையில் எடுப்பது. கல்வி அமைச்சின் சுற்றறிக்கைகள் தமிழிலும் வெளியிடப்படுகின்றன. பாடசாலை அலுவலகத்தில் தமிழ்ப் பிரதி இல்லையென்றால் வலயக் கல்வி அலுவலகத்தில் கேட்கலாம்.

தமிழ்நாட்டு உறவினரிடமிருந்து கேள்விப்பட்டதை வைத்துக் கணக்குப் போடுவது ஆபத்து. அங்கே 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். 2022இல் மாற்றியமைக்கப்பட்ட குழுக்களில் தலைவரும் ஒரு பெற்றோரே. இலங்கையில் பெற்றோர் பிரதிநிதியின் பலம் எண்ணிக்கையிலோ தலைமையிலோ இல்லை. திட்டத்தையும் கணக்கையும் வாசிக்கத் தெரிவதிலும், கேட்ட கேள்வியைக் கூட்டறிக்கையில் பதிய வைப்பதிலும்தான் அது இருக்கிறது. வேட்பாளர் தன்னைத் தயார்ப்படுத்த வேண்டியதும் அதற்கே.

எந்தப் பாடசாலை, யாருக்குக் கீழே

இனிச் சொல்லப்படுபவை கண்டி மாவட்டத்தை மனதில் கொண்டவை. இந்த மாவட்டத்தில் கண்டி, தெனுவர, கம்பளை, கட்டுகஸ்தோட்டை, தெல்தெனிய, வத்தேகம என ஆறு கல்வி வலயங்கள் உள்ளன. 1987இல் நிறைவேறிய 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு பெரும்பாலான பாடசாலைகள் மாகாண சபையின் கீழ் வந்தன. தேசிய பாடசாலைகள் மட்டும் கொழும்பிலுள்ள கல்வி அமைச்சின் நேரடிப் பொறுப்பில் இருக்கின்றன. மடவளை மதீனா, அக்குறணை அஸ்ஹர் போன்றவை தேசிய பாடசாலைகள். மலைப்பக்கத்துச் சிறிய தமிழ் வித்தியாலயங்களோ மாகாணப் பாடசாலைகள். அதிபரோடு தீராத பிரச்சினை எழுந்தால் கடிதம் எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்பது இந்த வேறுபாட்டைப் பொறுத்தது. டிரினிட்டி, ஹில்வூட் போன்ற தனியார் கல்லூரிகள் தமக்கான ஆளுநர் சபைகளின் கீழ் இயங்குவதால் இந்த அத்தியாயத்தில் சொல்லப்படும் முறை அங்கே பொருந்தாது.

பாடசாலையின் வகையும் கவனிக்க வேண்டியது. உயர்தர விஞ்ஞானப் பிரிவு வரை உள்ளது 1ஏபி, கலை வர்த்தகப் பிரிவுகளோடு நிற்பது 1சி, தரம் 11 வரை உள்ளது வகை 2, ஆரம்ப வகுப்புகளும் அதற்குச் சற்று மேலும் உள்ளது வகை 3. நகரத்து 1ஏபி பாடசாலையில் இடம் பிடிப்பது கடினம். அங்கே வைத்தியரும் வங்கி முகாமையாளரும் சட்டத்தரணியும் வரிசையில் நிற்பார்கள். தோட்டத்து வகை 3 பாடசாலையிலோ பொதுக்கூட்டத்துக்குப் போதிய ஆட்களைச் சேர்ப்பதே பெரும்பாடு. அங்கே சிக்கல் போட்டியல்ல; கேட்டால் மறுக்க முடியாமல் ஏற்றுக்கொண்டு பிறகு கூட்டத்துக்கே வராமல் போகும் உறுப்பினர்தான்.

தகுதியும் தருணமும்

பிள்ளை அந்தப் பாடசாலையில் படிக்கும்வரைதான் பெற்றோர் என்ற அந்தஸ்து நிலைக்கும். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்து பிள்ளை நகரத்துக்கு மாறினால், அல்லது சாதாரண தரத்தோடு விலகினால், இடமும் போய்விடும். ஆகையால் பிள்ளை தரம் 2, 3இலோ, தரம் 6 முதல் 9 வரையிலோ இருக்கும் காலமே போட்டியிட ஏற்றது. தரம் 11 பிள்ளையின் பெற்றோருக்கு வீட்டிலேயே வேலை அதிகம். முதலாம் தரத்துப் பெற்றோருக்கு உற்சாகம் நிறைய இருக்கும், பாடசாலையைப் பற்றிய அறிவு குறைவாக இருக்கும். ஒரு வருடம் பொறுத்திருந்து கூட்டங்களுக்குப் போய்வந்த பிறகு நிற்பது நல்லது.

தாய் மத்திய கிழக்கில், தகப்பன் கொழும்பில், பிள்ளை அம்மம்மாவோடு என்றிருக்கும் குடும்பங்கள் மலையகத்தில் குறைவில்லை. அத்தகைய பிள்ளையின் பாதுகாவலராகப் பாடசாலைப் பதிவில் பெயருள்ளவர் சங்கத்தில் அங்கம் பெறலாம். பெயர் பதிவில் இல்லாவிட்டால் பொதுக்கூட்டத்துக்கு முன்பே வகுப்பாசிரியரிடம் சொல்லிச் சரிசெய்துகொள்ள வேண்டும். கூட்டத்தன்று வாசலில் நின்று உரிமை பேசுவதில் பயனில்லை. சங்கத்துக்குச் சந்தா உண்டென்றால் அதையும் முன்பே செலுத்தி, பற்றுச்சீட்டைக் கையோடு வைத்திருக்க வேண்டும்.

சிலர் நிற்காமலிருப்பதே நல்லது. சிற்றுண்டிச்சாலையைக் குத்தகைக்கு எடுத்திருப்பவர், பாடசாலைக்குக் கல்லும் மணலும் விநியோகிப்பவர், போசாக்கு உணவுத் திட்டத்துக்குச் சமைத்துக் கொடுப்பவர் ஆகியோர் குழுவில் உட்கார்ந்தால் தம் தொழிலைப் பற்றித் தாமே தீர்மானிக்க நேரும். பிரதேச சபைத் தேர்தலுக்கு முன்னோட்டமாக இந்த இடத்தைப் பயன்படுத்த விரும்புபவரும் உண்டு. அவரைத் தடுக்க வழியில்லை, ஆனால் மற்றப் பெற்றோர் அதை விரைவிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

அந்த இடத்தில் இருப்பவர் செய்யும் வேலை

ஒவ்வொரு பாடசாலைக்கும் ஓர் ஐந்தாண்டுத் திட்டமும் அதிலிருந்து பிரித்தெடுத்த வருடாந்த அமுலாக்கல் திட்டமும் இருக்க வேண்டும். குழுவின் மைய வேலை இந்தத் திட்டம். பல பாடசாலைகளில் இது வலய அலுவலகம் கேட்கும்போது மட்டும் தூசி தட்டி எடுக்கப்படும் கோவை. முன்னைய வருடத்துத் திட்டத்தின் தலைப்பை மாற்றிவிட்டுப் புதிய வருடத்துக்கு அனுப்பும் பழக்கமும் உண்டு. வேட்பாளர் இந்தக் கோவையைத் தெரிவுக்கு முன்பே பார்க்கக் கேட்பது நல்ல தொடக்கம். கேட்கும் தொனி முக்கியம். "சேர், வருடாந்தத் திட்டத்தை ஒருக்கா பார்க்கலாமா? எங்கட வகுப்புப் பெற்றோர் எதில உதவலாம் எண்டு பார்க்கத்தான்" என்று கேட்டால் அதிபர் மறுக்கக் காரணமில்லை. அதே கோரிக்கையைப் பொதுக்கூட்டத்தில் எழுந்து குற்றச்சாட்டாகச் சொன்னால் கோவை பூட்டிய அலுமாரிக்குள் போய்விடும்.

அடுத்தது பணம். அதைப் பற்றி விரிவாகத் தெரிந்திருக்க வேண்டும், ஏனெனில் சங்கங்களில் எழும் பிணக்குகளில் பெரும்பாலானவை பணத்தில் தொடங்குகின்றன. பாடசாலைக்கு வரும் பணம் ஒரே குளத்தில் சேர்வதில்லை. அரசாங்கம் கற்றல் கற்பித்தல் பொருட்களுக்காகத் தரும் தர உள்ளீட்டு நிதி ஒன்று. சங்கச் சந்தா, நன்கொடை, களியாட்ட விழா, அதிர்ஷ்டலாபச் சீட்டு ஆகியவற்றால் வரும் சங்க நிதி இன்னொன்று. மாணவரிடமிருந்து பெறும் வசதிகள் சேவைக் கட்டணம் மூன்றாவது. பழைய மாணவர் சங்கத்தின் பணம் அதன் சொந்தக் கணக்கில் இருக்கும். இவற்றுக்கு வெளியே, வகுப்புப் பெற்றோர் வட்டங்களில் கைமாறும் பணம் இருக்கிறது. மின்விசிறி, திரைச்சீலை, வகுப்பறைக்குப் பெயின்ட், ஆசிரியர் தின விருந்து என்று சேர்க்கப்படும் இந்தப் பணம் எந்தக் காசேட்டிலும் ஏறாமல் போவது சாதாரணம். கண்டி நகரத்துப் பெற்றோர் வருடத்தில் உண்மையாகச் செலவழிக்கும் தொகை சங்கத்தின் கணக்கறிக்கையில் தெரியாததற்கு இதுவே காரணம்.

ஆகவே ஒரு பெற்றோர் பிரதிநிதி கணக்கறிக்கையைக் கையில் எடுத்ததும் மொத்தத் தொகையைப் பார்ப்பதில் அர்த்தமில்லை. பார்க்க வேண்டியவை வேறு. வங்கிக் கூற்றின் மீதியும் காசேட்டின் மீதியும் பொருந்துகின்றனவா? காசோலையில் இரு கையொப்பங்கள் இருக்கின்றனவா, அல்லது முன்கூட்டியே ஒப்பமிட்ட வெற்றுக் காசோலைப் புத்தகம் அலுமாரியில் கிடக்கிறதா? பெரிய செலவு ஒவ்வொன்றுக்கும் விலைமனுக்கள் கோரப்பட்டனவா? மூன்று விலைமனுக்களும் ஒரே கையெழுத்தில் இருக்கின்றனவா? இந்தக் கடைசிக் கேள்வி வேடிக்கையாகத் தோன்றும். நாட்டின் எந்தக் கணக்காய்வு உத்தியோகத்தரிடம் கேட்டாலும் சிரிக்காமல் தலையசைப்பார்.

பணம் கட்டாததற்காகப் பிள்ளையை வகுப்பிலிருந்து வெளியே நிறுத்தவோ, பரீட்சைக்கு இருத்தாமல் விடவோ, சான்றிதழை மறுக்கவோ பாடசாலைக்கு அதிகாரமில்லை. அனுமதிக்காக நன்கொடை கேட்பதும் தடைசெய்யப்பட்டது. பணம் வாங்கப்படும் ஒவ்வொரு தடவையும் பற்றுச்சீட்டு தர வேண்டும். இவற்றை அறிந்த ஒரே ஒரு பிரதிநிதி குழுவில் இருந்தாலே, கட்ட முடியாத குடும்பத்தின் பிள்ளை காலைக் கூட்டத்தில் எழுந்து நிற்க வைக்கப்படுவது குறையும்.

மூன்றாவது, பலரை இந்த இடத்தை நோக்கி இழுக்கும் வேலை: முதலாம் தர அனுமதி. அதிபர் தலைமையிலான நேர்முகப் பரீட்சைச் சபையில் அபிவிருத்திச் சங்கத்தின் பிரதிநிதி ஒருவரும் பழைய மாணவர் சங்கத்தின் பிரதிநிதி ஒருவரும் உட்காருகிறார்கள். நீண்டகாலமாக வழக்கிலுள்ள பங்கீட்டின்படி இடங்களில் 50 சதவீதம் அருகில் வசிப்போருக்கும், 25 சதவீதம் பழைய மாணவரின் பிள்ளைகளுக்கும், 15 சதவீதம் ஏற்கெனவே படிக்கும் பிள்ளைகளின் சகோதரருக்கும் போகிறது. எஞ்சியவை கல்வி அமைச்சின் ஊழியர், இடமாற்றம் பெற்றோர், வெளிநாட்டிலிருந்து திரும்பியோர் ஆகியோருக்கு. அருகில் வசிப்போர் என்ற பிரிவில்தான் கண்டி நகரத்தின் மின்சாரப் பட்டியல்களும் வாடகை ஒப்பந்தங்களும் வாக்காளர் இடாப்புப் பிரதிகளும் திடீரென்று பெருகுகின்றன. சங்கத்தின் பிரதிநிதிக்கு இந்தச் சபையில் சலுகை வழங்கும் அதிகாரமில்லை. ஒவ்வொரு கோவைக்கும் ஒரே அளவில் புள்ளி போடப்படுகிறதா என்று பார்ப்பதே அவர் பங்கு. தெரிவான மறுவாரமே தூரத்து உறவினர் ஒரு பெட்டி பலகாரத்தோடு வருவார் என்பதை எதிர்பார்த்திருப்பது நல்லது. பலகாரத்தோடு வருபவருக்கு, வீட்டு வாசலிலேயே, "அண்ணன், விண்ணப்பத்த ஒழுங்கா நிரப்பி நேர்முகத்துக்கு வாங்க, அதுக்கு மேல எனக்குச் செய்ய ஒண்டும் இல்ல" என்று சொல்லிவிடுவது பிற்காலச் சங்கடங்களைத் தவிர்க்கும். பாடசாலை அனுமதிக்குப் பணம் கைமாறுவது இலஞ்ச ஊழல் ஆணைக்குழு விசாரிக்கும் விடயம். அதன் உடனடித் தொலைபேசி இலக்கம் 1954.

சிற்றுண்டிச்சாலைக் குத்தகை, மதிய உணவு தயாரிப்பவரின் தெரிவு, சிரமதானம் ஆகியவை எஞ்சியவை. கட்டடம் பற்றி மட்டும் ஒரு சொல். ஹந்தானைச் சரிவிலும் கலஹா, தெல்தோட்டை, ரங்கலைப் பக்கங்களிலும் பாடசாலைகள் மண்சரிவு அபாயமுள்ள நிலத்தில் நிற்பதுண்டு. நன்கொடையாளர் ஒருவர் வகுப்பறை கட்டித் தர முன்வந்த மகிழ்ச்சியில் சரிவை வெட்டிவிடக் கூடாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசு கிடைத்ததா என்று கேட்பது குழு உறுப்பினரின் கடமை. தோட்டப் பாடசாலை என்றால் நிலம் யாருடையது என்பதையும் கேட்க வேண்டும். 1970களில் அரசாங்கம் தோட்டப் பாடசாலைகளைப் பொறுப்பேற்கத் தொடங்கியபோது கட்டடம் கைமாறியது, நில எல்லை பல இடங்களில் தெளிவில்லாமலேயே நின்றது. கண்டி மாவட்டத்தின் பல தோட்டங்கள் இன்றும் மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையின் கீழும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்தின் கீழும் இருக்கின்றன. விளையாட்டு மைதானத்தை ஒரு முழம் விரிவாக்குவதற்கும் தோட்டத் துரையிடம் போக வேண்டியிருக்கும்.

குழுவால் செய்ய முடியாதவையும் உண்டு. ஆசிரியரை நியமிக்கவோ இடமாற்றவோ, பாடத்திட்டத்தை மாற்றவோ அதற்கு அதிகாரமில்லை. கணித ஆசிரியரைக் கொண்டுவருவேன் என்று வாக்குறுதி தருபவர், வலய அலுவலகத்துக்குக் கடிதம் எழுதுவேன் என்றுதான் உண்மையில் சொல்கிறார். உடல்ரீதியான தண்டனை 12/2016ஆம் இலக்கச் சுற்றறிக்கையால் தடைசெய்யப்பட்டது. அது பற்றிய முறைப்பாட்டைக் குழுவில் பேசித் தீர்த்துவைப்பது தவறு. சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கம் அதற்கென்றே உள்ளது.

கூட்டத்துக்கு முந்திய வாரங்கள்

தெரிவு மண்டபத்தில் நடப்பதாகத் தோன்றினாலும் அதற்கு முன்பே பெரும்பகுதி முடிந்துவிடுகிறது. அதிபர் மனதில் சில பெயர்கள் இருக்கும். வகுப்பாசிரியர்கள் சிலரை முன்கூட்டியே கேட்டிருப்பார்கள். இதில் சதி எதுவும் இல்லை. வருடம் முழுவதும் கூப்பிட்டால் வருபவர் யார் என்று பார்த்து வைத்திருப்பார்கள், அவ்வளவுதான். அந்தப் பட்டியலுக்கு வெளியே இருந்து வருபவர், மற்றப் பெற்றோர் தன்னை அறியும்படி செய்தாக வேண்டும்.

அதற்கான முதல் இடம் வகுப்புப் பெற்றோர் வட்டம். அதில் ஒரு வருடம் செயலாளராகவோ கணக்குப் பார்ப்பவராகவோ இருந்து, வாங்கிய பணத்துக்கு வரவு செலவை எழுதி எல்லோருக்கும் காட்டியவருக்கு வேறு பிரசாரம் தேவையில்லை. இரண்டாவது இடம் வாசல். பகல் 1.30க்குப் பாடசாலை விடும் நேரத்தில் கண்டி வீதிகளில் வேன்களும் முச்சக்கரவண்டிகளும் நெரிந்து நிற்க, பெற்றோர் அரைமணித்தியாலம் காத்திருக்கிறார்கள். ஒரு பாடசாலையின் உண்மையான குறைகள் அங்கேதான் பேசப்படுகின்றன: கழிவறையில் தண்ணீர் இல்லாதது, மழைக்கு ஒழுகும் கூரை, வாசலில் வீதி கடக்க ஆளில்லாதது. வேட்பாளர் அங்கே பேசுவதைக் குறைத்துக் கேட்பதைக் கூட்ட வேண்டும். கேட்டவற்றில் குழுவின் அதிகாரத்துக்குள் வரும் இரண்டு மூன்றைத் தெரிந்தெடுத்து அவற்றை மட்டும் தன் விடயங்களாக வைத்துக்கொள்ளலாம்.

வகுப்பு வட்ஸ்அப் குழுக்களில் வாக்குக் கேட்பதைத் தவிர்க்க வேண்டும். அவை வகுப்பாசிரியரின் பொறுப்பில் இயங்குபவை. அங்கே எழும் வாக்குவாதம் அரைமணித்தியாலத்தில் திரைப்பிரதியாக அதிபரின் தொலைபேசிக்குப் போய்விடும்.

கூட்டங்களுக்கு வருவோரில் பெரும்பாலானோர் தாய்மார். தெரிவாகிறவர்களிலோ தகப்பன்மாரின் பெயர் அதிகம். தாய்மார் மத்தியிலிருந்து ஒருவர் நிற்க முன்வந்தால், வாசலில் நிற்கும் பத்துப் பேரும் கை உயர்த்துவார்கள். ஆனால் மண்டபத்தில் முன்மொழிய எழுந்து நிற்பதற்குத் தயங்குவார்கள். எனவே யார் முன்மொழிவது, யார் வழிமொழிவது என்பதை முந்தைய நாளே உறுதிசெய்துகொள்வது இன்றியமையாதது. இயன்றால் முன்மொழிபவர் ஒரு வகுப்பையும் வழிமொழிபவர் இன்னொரு வகுப்பையும் சேர்ந்தவராக இருக்கட்டும்.

தோட்டப் பாடசாலையில் நாள் குறிப்பதே பாதிப் போட்டி. வேலை நாளில் காலை 10 மணிக்குப் பொதுக்கூட்டம் வைத்தால் கொழுந்து பறிக்கும் தாய்க்கு அன்றைய பேர் விழாது. ஒரு நாள் சம்பளத்தை இழந்து வாக்களிக்க வா என்று கேட்பதற்கு அது சமம். விளைவாக லயத்தில் ஓய்வாக இருப்பவரும், கடைக்காரரும், தொழிற்சங்கத் தலைவரும் மட்டுமே வந்து தங்களுக்குள் பதவிகளைப் பகிர்ந்துகொள்வார்கள். கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமைக்கோ, வேலை விடும் நேரத்துக்குப் பிந்தியோ வைக்கும்படி அதிபரிடம் எழுத்தில் கேட்கலாம். அழைப்பைப் பிரட்டுக்களத்தில் அறிவிக்கச் செய்யலாம். தொழிற்சங்கத் தலைவரைத் தவிர்த்துவிட்டு இதைச் செய்வது கடினம், அவர் கையில் மட்டும் விடுவதும் ஆபத்து. பாடசாலைக் குழு தொழிற்சங்கக் கொடியின் நிறத்தில் பிரிந்துவிட்டால் அடுத்த மூன்று வருடமும் ஒரு கூரைத் தகடு மாறாது.

முஸ்லிம் பாடசாலைகளின் தவணை நாட்காட்டி நோன்பையொட்டி வேறுபடும். வெள்ளிக்கிழமை முற்பகலுக்குப் பின் கூட்டம் வைக்க முடியாது. நகரத்தில் எசல பெரஹர நடக்கும் வாரங்களில் பாடசாலைகள் மூடப்பட்டு, சில கட்டடங்கள் கடமைக்கு வரும் பொலிஸார் தங்குவதற்கு ஒதுக்கப்படும். அக்காலத்தை அண்டிக் கூட்டம் வைத்தாலும் ஆள் சேராது.

சிங்கள, தமிழ் மொழிப் பிரிவுகள் இரண்டும் உள்ள பாடசாலைகளில் தமிழ்ப் பெற்றோர் சந்திக்கும் சிக்கல் தனி. கூட்டம் சிங்களத்தில் நடக்கும், அறிவித்தல் சிங்களத்தில் ஒட்டப்படும், தெரிவு முடிந்த பிறகே பின்வரிசைக்கு விடயம் விளங்கும். தமிழும் அரசகரும மொழி என்பதை அங்கே எழுந்து பேசுவது உரிமைப்படி சரி, பலன் தரும் வரிசைப்படி அது முதலாவதல்ல. முதலில் தமிழ்ப் பிரிவின் பகுதித் தலைவரான ஆசிரியரைக் கொண்டு அறிவித்தலைத் தமிழிலும் ஒட்டச் செய்ய வேண்டும். அடுத்ததாக, கூட்டத்தில் மொழிபெயர்க்க ஓர் ஆசிரியரை ஒதுக்கும்படி கேட்க வேண்டும். குழுவின் பெற்றோர் இடங்களில் தமிழ்ப் பிரிவுக்கு எத்தனை என்பதைத் தெரிவுக்கு முன்பே அதிபரோடு பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். பெரும்பான்மை வாக்கில் தெரிவு நடந்தால் சிறிய பிரிவுக்கு ஒரு இடமும் கிடைக்காமல் போகலாம் என்பதை அதிபர்கள் பொதுவாக ஏற்றுக்கொள்கிறார்கள். சிங்களப் பிரிவுப் பெற்றோர் ஒருவர் வழிமொழிய முன்வந்தால் அது மிகப் பெரிய பலம். ஆகவே சிங்களத்தில் பேசத் தெரிந்தவர் நிற்பது வசதி. அது இல்லாதவர் நிற்கக் கூடாது என்பதில்லை, கணக்கறிக்கையின் இலக்கங்கள் எல்லா மொழிக்கும் பொது.

கூட்டத்தன்று

நேரத்துக்கு முன்பே போய் வரவுப் பதிவேட்டில் ஒப்பமிட வேண்டும். கூட்டநடப்பெண் இல்லையென்றால் தெரிவு செல்லாது என்பதால் அந்தப் பதிவேடே பிற்பாடு சாட்சி. சென்ற கூட்டறிக்கையும் கணக்கறிக்கையும் வாசிக்கப்படும்போது குறிப்பெடுக்க வேண்டும். கேள்வி ஒன்று போதும். தான் போட்டியிடும் நாளில் அதிபரைக் கணக்கில் மடக்க நினைப்பவருக்கு மண்டபம் கைதட்டும், வாக்குப் போடாது.

பேசச் சந்தர்ப்பம் கிடைத்தால் இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். எடுத்துக்காட்டாக இப்படிச் சொல்லலாம்: "மதிப்புக்குரிய அதிபர் அவர்களே, ஆசிரியர்களே, பெற்றோர்களே. தரம் 7 பி வகுப்பு மாணவியின் தாய் நான். இரண்டு வருடமாக வகுப்பு வட்டத்தின் கணக்கை வைத்திருக்கிறேன். தெரிவானால் இரண்டு காரியம் செய்ய முயற்சிப்பேன். சிறுமிகளின் கழிவறைக்குத் தண்ணீர் வசதி இந்த வருடத் திட்டத்தில் சேர வேண்டும். சங்கத்தின் வரவு செலவு தவணைக்கு ஒரு தடவை அறிவித்தல் பலகையில் ஒட்டப்பட வேண்டும்." இதில் வாக்குறுதி சிறியது, ஆனால் வருட முடிவில் சரிபார்க்கக் கூடியது.

இடங்களைவிடப் பெயர்கள் அதிகமாக வந்தால், கை உயர்த்தலுக்குப் பதிலாக இரகசிய வாக்கெடுப்பைக் கேட்கலாம். அதிபரும் வகுப்பாசிரியர்களும் மேடையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது யாருக்குக் கை உயர்த்துவது என்பதில் பெற்றோருக்கு இயல்பான தயக்கம் உண்டு. வாக்கெண்ணிக்கை எதுவானாலும் தெரிவானவர்களின் பெயர்கள் கூட்டறிக்கையில் எழுதப்படும்வரை மண்டபத்தை விட்டுப் போகக் கூடாது. தோற்றவர் அங்கேயே உபகுழு ஒன்றுக்குப் பெயர் கொடுத்துவிடுவது புத்திசாலித்தனம். விளையாட்டு விழாவும் சுகாதாரக் குழுவும் எப்போதும் ஆளுக்கு அலைகின்றன, அடுத்த வருடம் அந்தப் பெயர் எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

தெரிவான பிறகு

முதல் தவணையில் செய்ய வேண்டியவை மூன்று: சுற்றறிக்கை, வருடாந்தத் திட்டம், சென்ற வருடக் கூட்டறிக்கைகள் ஆகியவற்றை வாசித்து முடிப்பது. தன் பிள்ளையின் புள்ளியோ, வகுப்பில் இருக்கும் இடமோ, விளையாட்டு அணித் தெரிவோ குழுக் கூட்டத்தில் தலைகாட்டக் கூடாது. அது வகுப்பாசிரியரோடு பேச வேண்டிய விடயம். பிரதிநிதியின் பிள்ளைக்குச் சலுகை கிடைக்கிறதென்ற பேச்சும், பிரதிநிதி கேள்வி கேட்டதால் பிள்ளை பழிவாங்கப்படுகிறதென்ற பேச்சும் ஒரே வாசலில் ஒரே நாளில் உலவக்கூடியவை. பிள்ளையைக் கூட்டிவரும் வேலையை முடிந்தால் வீட்டில் இன்னொருவரிடம் ஒப்படைப்பது இரண்டையும் சற்றுக் குறைக்கும்.

கருத்து வேறுபாடு வரும்போது அதைப் பதிய வைப்பதே பிரதிநிதியின் ஆயுதம். "இந்தச் செலவுக்கு மூன்று விலைமனுக்கள் இல்லாததால் நான் உடன்படவில்லை எண்டு கூட்டறிக்கையில எழுதிவிடுங்க, சேர்" என்று அமைதியாகச் சொன்னால் போதும். எழுத்தில் வந்தபின் பெரும்பாலான விடயங்கள் தாமே திருந்திவிடும். திருந்தாவிட்டால் கோட்டக் கல்விப் பணிப்பாளர், பிறகு வலயக் கல்விப் பணிப்பாளர் என்ற வரிசையில் போக வேண்டும். தேசிய பாடசாலை என்றால் அமைச்சு. ஆவணம் மறுக்கப்பட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தைத் தெரிவிக்க வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடமும், அதன் பின் இரண்டு மாதங்களுக்குள் தகவலறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். குழு உறுப்பினர் ஒருவர் தன் பாடசாலைக்கு எதிராக இந்த விண்ணப்பத்தைப் போடுவது உறவைக் குளிரச் செய்யும். பதவியில் இல்லாத இன்னொரு பெற்றோரும் அதே விண்ணப்பத்தைப் போடலாம், சட்டத்துக்கு இரண்டும் ஒன்றே.

பிள்ளை பாடசாலையை விட்டு விலகும்போதோ பதவிக்காலம் முடியும்போதோ இராஜினாமாக் கடிதத்தை அதிபருக்குக் கொடுத்து, பிரதியில் பெற்றுக்கொண்டதாக ஒப்பம் வாங்க வேண்டும். கையிலுள்ள பற்றுச்சீட்டுப் புத்தகங்கள், கூட்டறிக்கைப் பிரதிகள், முடிவடையாத வேலைகளின் விலைமனுக்கள் ஆகியவற்றைப் பட்டியலிட்டு, புதிய பிரதிநிதியிடமும் செயலாளரிடமும் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்த பட்டியலின் ஒரு பிரதி வீட்டிலும் இருக்கட்டும். கணக்காய்வு உத்தியோகத்தர் இரண்டு வருடம் கழித்தும் வருவார்.